நறவுக் கொடி

சென்ற ஆண்டு அக்டோபர் 2ஆம் நாளையொட்டி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி ஒன்று வைத்தோம். தலைப்பு, எல்லாப் பள்ளிகளிலும் வைக்கின்ற தலைப்புத்தான்: மதுவின் தீமை. நாற்பது பிள்ளைகள் எழுதினர். முப்பத்தொன்பது தாள்களிலே மது அரக்கனாக வந்தது, பேயாக வந்தது, குடும்பத்தைத் தின்னும் பூதமாக வந்தது. நாற்பதாவது தாளில் பெயரும் வகுப்பும் மட்டுமே இருந்தன. மற்றெல்லாம் வெறுமை.

சோம்பேறிப் பையனல்லன் அவன். வகுப்பிலே நன்றாக எழுதுபவன். அழைத்துக் காரணம் கேட்டோம். நெடுநேரம் தலை கவிழ்ந்து நின்றான். பிறகு, "எங்க தாத்தா மரமேறி, சார்" என்றான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

என்ன மறுமொழி கூறுவது? "உன் தாத்தா வேறு, மது வேறு" என்று சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்திருக்கும். அவர் இறக்கியது கள். விற்றதும் கள். அந்த வருவாயிலேதான் அவனுடைய தகப்பன் படித்தான். இன்று ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் சீருடை அணிந்து, நிறுவனப் பேருந்திலே ஏறிப் போய் வருகிறான். இத்தனைக்கும் அடிப்படை ஒரு பனைமரம். அந்தப் பனைமரத்தைப் பற்றிப் பேரன் நாணித் தலை குனிகிறான்! வரலாற்றுப் பாடத்திலே பட்டம் பெற்ற நமக்கு, இந்த நாணத்தின் வரலாறு தெரியாதிருந்தது. அதைத் தேடிப் புறப்பட்டோம். ஏடுகளில் ஓரளவு கிடைத்தது. கள்ளுக்கடை ஒன்றைக் கண்ணால் காணாமல் கள்ளின் வரலாறு எழுதுவது முறையாகுமா என்ற எண்ணம் பிறகு வந்தது.

தமிழ்நாட்டில் அதற்கு வழியில்லை. 1987ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு இங்கே கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. நம் அகவையினர் எவரும் அவற்றைக் கண்டதில்லை. ஆகவே, மே விடுமுறையிலே, உடன் பணியாற்றும் நண்பர் ஒருவரோடு கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் பயணமானோம்.

வழியிலே மரக்காணம் வந்தது. அவ்வூருக்கு அருகிலுள்ள எக்கியார்குப்பத்தில், 2023 மே திங்களில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மீனவர்கள் மாண்டனர். அதே நாட்களில் நம் செங்கற்பட்டு மாவட்டத்திலும் சாவு நிகழ்ந்தது. இரண்டு இடங்களிலும் சேர்த்து மாண்டவர் இருபதுக்கு மேல். ஆலைகளுக்காகச் செய்யப்படும் நஞ்சு அது. மரத்திலிருந்து இறங்கியது அன்று. பேருந்திலே நண்பர் பேச்சை நிறுத்தினார். நாமும் நிறுத்தினோம்.

புதுச்சேரியிலே நாம் கண்ட கடை நகரின் ஓரத்தில், கடலோசை கேட்கும் தொலைவில் இருந்தது. தென்னங்கீற்றுக் கொட்டகை. மணல் தரை. நீண்ட மரப்பலகைகள். மொந்தை என்னும் மட்பாண்டத்தை எதிர்பார்த்துச் சென்ற நமக்கு ஏமாற்றம். இன்று அங்கே ஞெகிழிக் குவளைதான்! வாயிலருகே அடுப்பு மூட்டி ஓர் அம்மையார் மீன் வறுத்துக் கொண்டிருந்தார். எண்ணெயில் மீன் விழும் ஒலி கொட்டகை முழுதும் கேட்டது. இடம் கொள்ளாக் கூட்டம். காரணம் கேட்டோம். "கடலுக்குப் போகத் தடை, வாத்தியாரே. ரெண்டு மாசம் வலை காயுது, நாங்க நனையுறோம்" என்றார் ஒரு மீனவர். சுற்றியிருந்தவர் சிரித்தனர். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை கீழைக்கடலில் மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு விடப்படும் தடைக்காலம் அது.

சிரிப்பு ஒருபுறம், பாட்டு ஒருபுறம், பழைய கடன் பற்றிய வழக்கு ஒருபுறம். ஒருவர் தம் மகளின் மதிப்பெண்களை அனைவர்க்கும் அறிவித்துக் கொண்டிருந்தார். ஒரு மூலையில் ஒருவர் உறங்கினார். அவருடைய செருப்பை யாரோ எடுத்துத் தலைமாட்டிலே பத்திரமாக வைத்திருந்தனர். சண்டை இல்லையா என்றால், இருந்தது. நாம் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை கைகலப்பு வரை போயிற்று. மீன் வறுத்த அம்மையார் கரண்டியை உயர்த்தினார். அடங்கிற்று.

இந்தக் காட்சியை எங்கோ முன்பே கண்டிருக்கிறோமே என்று தோன்றிற்று. கண்டதில்லை, படித்திருக்கிறோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடை வருகிறது. மீனை வெட்டி, இறைச்சியை அறுத்து, முற்றத்திலே ஒலியெழப் பொரிக்கிறார்கள். மணல் குவித்து மலர் தூவியிருக்கிறது. பலரும் புகுந்து செல்லும் அந்த வாயிலில் கள் விற்பதற்கு அடையாளமாகக் கொடி பறக்கிறது. நறவுக் கொடி!

தோழர்களே, அந்தக் கொடி எந்தக் கொடிகளோடு பறக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தெய்வத்துக்கு எடுத்த கொடி ஒன்று. கற்றுத் துறைபோகிய ஆசிரியர், வாதுக்கு வருக என்று அறைகூவி நாட்டிய கொடி ஒன்று. துறைமுகத்திலே அசையும் நாவாய்களின் கொடிகள். இவற்றோடு ஒரே வானத்தில், ஒரே காற்றில், கள்ளுக்கடைக் கொடியும் ஆடுகிறது. ஒளித்து வைக்கவில்லை. ஊருக்கு வெளியே ஓட்டவில்லை. முழுமதி நாளன்று கடலுக்குச் செல்லாத பரதவர் பனங்கள் உண்டு மகிழ்ந்ததையும் அதே புலவர் அதே பாட்டில் கூறுகிறார். அன்று முழுமதி, இன்று அரசாணை. வலை காயும் நாளில் மீனவன் தேடிச் செல்லும் இடம் மாறவில்லை.

அந்தப் புலவரே பாடிய பெரும்பாணாற்றுப்படை நமக்கு இன்னும் நெருங்கியது. அது தொண்டை நாட்டுப் பாட்டு. காஞ்சிக்கு வழி சொல்லும் பாட்டு. அதிலே நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினம் வருகிறது. இன்றைய மாமல்லபுரப் பகுதியே அது என்பர் அறிஞர் சிலர். அங்கே கள் சமைப்பவர் பெண்கள். அவர்கள் கலம் கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அச்சேற்றிலே பன்றிகள் புரள்கின்றன. நெல்மாவூட்டிக் குழியிலே நிறுத்திக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் தசையும், களிப்பு மிகுந்த கள்ளும் வழிப்போக்கர்க்குக் கிடைக்கும் என்கிறார் புலவர். பரிசில் தேடிச் செல்லும் பாணனுக்கு ஒரு புலவர் தரும் நற்செய்தி இது! மூக்கைச் சுளிக்கும் தமிழாசிரியர் சிலர் இப்பகுதியை வகுப்பில் விரைந்து கடந்து விடுகின்றனர். நாமும் அப்படிக் கடத்தப்பட்டவரே.

புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகாதுச் சாடிகள் உடைந்த துண்டுகளாக வெளிவந்தன. அத்தகைய சாடிகளிலே வந்த பொருள்களில் தலையாயது திராட்சை மது. யவனர் நல்ல கலங்களிலே கொண்டு வந்த குளிர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். செல்வர்க்குக் கப்பலில் வந்த மது, உழைப்போர்க்கு மரத்திலிருந்து இறங்கிய கள். வேறுபாடு அன்றே இருந்தது. ஆனால் இழிவு இன்னும் வரவில்லை.

குடியை எவரும் கண்டிக்கவில்லை என்பதல்ல நம் வாதம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அந்தப் பத்துக் குறளையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உண்பவனைக் கடிகிறார்; அவனுக்காக நாணுகிறார்; அவனுடைய தாயின் முகத்தை நினைவூட்டுகிறார். மரமேறியைப் பற்றி ஒரு சொல் உண்டா? கள் விற்ற பெண்ணைப் பற்றி உண்டா? இல்லை. குறை குடிப்பவன்மேல். தொழில் செய்பவன் பிறப்பின்மேல் அன்று.

பல்லவர் காலத்துக்கு வருவோம். மணிமங்கலத்து மண் அந்தக் காலத்தை அறியும். வாதாபி வேந்தன் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மன் தோற்கடித்த போர்க்களங்களுள் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. அந்த நரசிம்மனின் தந்தை மகேந்திரவர்மன் மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதினான். காஞ்சித் தெருவிலே ஒரு காபாலிகனும் அவன் துணைவியும் தள்ளாடி வருகின்றனர். கள்ளுக்கடையைக் கண்டதும் காபாலிகனுக்கு வேள்விச்சாலை நினைவு வருகிறது. கடையின் கம்பம் வேள்வித் தூணாம், கள் சோமபானமாம், குடியர் புரோகிதராம்! ஒன்றையும் விடாமல் ஒப்பிட்டுக் கொண்டே போகிறான். அதே நாடகத்தில் ஒரு பவுத்தத் துறவி, மதுவையும் மாதரையும் புத்தர் அனுமதித்திருக்கவேண்டும், முதியவர்கள்தாம் அந்த ஏட்டை மறைத்துவிட்டார்கள் என்று ஐயுறுகிறான். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன், அரியணையில் இருந்தவன் எழுதியது இது. இன்று ஓர் இளைஞன் இதை மேடையேற்றினால் என்ன நடக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

வேந்தன் நகைக்கலாம். வேந்தனின் கணக்கர் நகைப்பதில்லை. பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிப்பெயர்களுள் ஒன்று ஈழப்பூட்சி. ஈழம் என்பது கள்ளுக்கு ஒரு பழம்பெயர்; கள் இறக்குவோர் செலுத்திய வரி அது என்பர். அரசுக்கு வரி வேண்டும். ஆகவே மரமேறி வேண்டும். ஆனால் அவன் எங்கே ஏறலாம், எங்கே ஏறக்கூடாது?

இதற்கு விடை சோழர் செப்பேடுகளில் இருக்கிறது. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் பவுத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த ஆவணத்தைப் படியுங்கள். கொடை பெற்றோர்க்கு உரிய உரிமைகள் வரிசையாக வருகின்றன. பயன்தரும் மரங்களும் நறுமணச் செடிகளும் நட்டுக் கொள்ளலாம், பெரிய செக்கு இடலாம் என்று போகும் வரிசையின் நடுவே ஒரு விதி: அவ்வூர் எல்லைக்குள் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது! கொடையூர்களின் ஆவணங்களிலே இவ்விதி வாய்பாடாகவே ஆயிற்று. மரத்தை நட உரிமை ஒருவருக்கு. அதில் ஏறத் தடை மற்றொருவருக்கு. நம் மணிமங்கலமும் சோழர் காலத்திலே உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்றும், பின்னர் இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும் பெயர் தாங்கி நின்ற ஊர். இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களிலே அந்தப் பெயர்களை இன்றும் படிக்கலாம். நாம் ஒரு ஞாயிறன்று போய் நின்று பார்த்தோம். கொடுத்த நிலமும் விளக்கெரிக்க விட்ட கொடையும் கல்லில் இருக்கின்றன. ஏரிக்கரைப் பனைகளில் ஏறியவன் பெயரைக் காணோம்.

கொடியேற்றி விற்ற தொழில், ஊரெல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது இவ்வாறு. ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. ஒரு மன்னன் செய்ததுமன்று. தொழிலின்மேல் விழுந்த தடை, நூற்றாண்டுகள் செல்லச் செல்லத் தொழிலாளியின் உடலின்மேல் தீட்டாகப் படிந்தது. அது எவ்வளவு ஆழமாகப் படிந்தது என்பதற்குக் கமுதி சான்று. 1897ஆம் ஆண்டு அவ்வூர்க் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். வழக்குத் தொடரப்பட்டது. அவர்களிற் பலர் பெரும் வணிகராயிருந்தனர். மரமேறும் தொழிலோடு தொடர்பற்றிருந்தனர். பயனில்லை. கள்ளிறக்கும் குலம் என்பதே அவர்க்கு எதிராக நின்றது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1908இல் அங்கும் தோல்வி. கடல் கடந்து சென்ற பிறகும் பனைமரம் அவர்களைத் தொடர்ந்து சென்றது!

இதே காலத்தில் அந்த மரத்தால் ஆட்சியாளர் கொழித்தனர். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டப்படி மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். மதுவிலக்குக்கு முன், சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கு இந்த வழியில் வந்தது. வரிப்பணத்துக்குத் தீட்டு இல்லை. ஏலம் எடுத்த பெருமக்களுக்கும் இல்லை.

பிறகு வந்தது மதுவிலக்கு. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலையும், அதில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றதையும், சேலம் தாதம்பட்டியில் தமக்குரிய ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளைப் பெரியார் வெட்டிச் சாய்த்ததையும் நம் இளைஞர்கள் அறிவர். தம் பொருளைத் தாமே அழித்த அந்தத் துணிவுக்குத் தலை வணங்குவோம். ஆனால் வரலாறு எழுதுபவன் இன்னொன்றும் கேட்கவேண்டும். அந்த ஐந்நூறு மரங்களிலும் நாள்தோறும் ஏறி இறங்கியவர்கள் மறுநாள் எங்கே போனார்கள்? இக்கேள்விக்கு நாம் பார்த்த நூல்களிலே விடையில்லை. சட்டத்தால் குடியை நிறுத்துவதைப் பிற்காலத்திலே பெரியாரே ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

1937 அக்டோபர் முதல் நாள், இராசகோபாலாச்சாரியார் ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் ஓமந்தூர் இராமசாமியார் ஆட்சியிலே மதுவிலக்கு மாகாணம் முழுதும் பரவிற்று. மரமேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. வெல்லத்தின் விலை கள்ளின் விலையாகுமா? 1971இல் கடைகள் திறந்தன. 1973இல் கள்ளுக்கடைகளும் மறு ஆண்டில் சாராயக்கடைகளும் மூடின. 1981இல் மீண்டும் திறந்தன. 1987இல் மீண்டும் மூடின. கதவுதான் திறந்து திறந்து மூடிற்றே தவிர, ஆலைச் சரக்கு வேறு வாயில் வழியே வந்து கொண்டே இருந்தது. 2003இல் அரசே சில்லறைக் கடை வைத்தது. 2023-24இல் அக்கடைகளால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிற்று. பனை நம் மாநில மரம். அதன் வடிநீரைச் சுண்ணாம்பு தடவிய கலயத்திலே இறக்கினால் பதநீர், பாராட்டு. சுண்ணாம்பு தடவாத கலயத்திலே இறக்கினால் கள், சிறை. இடையிலே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு!

புதுச்சேரிக் கொட்டகைக்குத் திரும்புவோம். மாலைக் கள் இறக்கி வந்த முதியவர் ஒருவர் எம் பலகையிலேயே வந்தமர்ந்தார். மார்பிலே மரம் உராய்ந்து உராய்ந்து தோல் காய்ப்பேறியிருந்தது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர். பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954இல் முடிந்தும் அவர்கள் விட்டுச் சென்ற எல்லை இன்னும் துண்டு துண்டாய், ஊருக்குள் ஊராய்க் கிடக்கிறது அல்லவா? அதைச் சுட்டி அவர் சொன்னார்: "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏறினா கேஸு. இந்தப் பக்கம் ஏறினா லைசென்ஸு. மரத்துக்கு ஒண்ணும் தெரியாது, தம்பி."

மரத்திலிருந்து விழுந்தவர்களைப் பற்றிக் கேட்டோம். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை போதவில்லை. அவர்களுள் ஒருவர் அவருடைய தம்பி. நண்பர் பேச்சை மாற்ற எண்ணி, நாளுக்கு எத்தனை மரம் ஏறுவீர்கள் என்றார். "முன்னே முப்பது, இப்ப பதினஞ்சு. காலையில ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி. பாளையைச் சீவாம விட்டா அது கோவிச்சுக்கும்." பிள்ளைகள்? "அவனுங்க கம்பெனிக்குப் போயிட்டானுங்க. நல்லதுதான்." அந்த நல்லதுதான் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் மகிழ்ச்சியும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

நாம் குடிப்பழக்கம் இல்லாதவர். எனினும் அவர் தாம் இறக்கியதை ஒரு குவளையில் ஊற்றி முன்னே வைத்தபோது, வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை. ஒருவாய் பருகினோம். புளிப்பு. அடிநாக்கிலே சிறிது இனிப்பு. முகம் சுளித்தது போலும். முதியவர் சிரித்துவிட்டார். "வாத்தியாருக்கு நாளைக்குக் காலையில வந்தா இனிப்பாத் தர்றேன்" என்றார்.

சூன் திங்களில் பள்ளி திறந்தது. அந்தப் பையனை அழைத்துப் பட்டினப்பாலையிலே வரும் கொடிகளைப் பற்றிச் சொன்னோம். கோயிற் கொடி, ஆசிரியர் கொடி, கப்பற் கொடி, கள்ளுக்கடைக் கொடி. உன் தாத்தாவின் தொழிலுக்கு இந்த நாட்டில் ஒரு காலத்தில் கொடி இருந்தது என்றோம். அவன் உடனே நம்பவில்லை. நூலைக் கேட்டான். கொடுத்தோம். உரையோடு படித்துவிட்டு மூன்றாம் நாள் திரும்ப வந்தான்.

"அந்தக் கொடி என்ன நிறம், சார்?" என்றான்.

மறுபடி எடுத்துப் பார்த்தோம். புலவர் நிறம் சொல்லவில்லை.